மினிமம் பேலன்ஸ்: இரண்டணாவில் இருந்து ஐம்பதாயிரம் வரை

உங்கள் பெயரில் மொத்தம் எத்தனை சேமிப்புக் கணக்கு இருக்கிறது? ஒரு நிமிஷம் நிறுத்தி விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பெங்களூரில் பத்து வருஷத்துக்கு மேல் ஆணி பிடுங்கியவர் என்றால் ஒரு கை போதாது. கம்பெனி மாறும் ஒவ்வொரு தடவையும் முதல் நாளே ஒரு புது ஃபாரம் நீட்டுவார்கள். "எங்களுக்கு சாலரி அக்கவுண்ட் இந்த பேங்க்லதான்" என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். அதில் ஆயிரமோ இரண்டாயிரமோ கிடக்கும். சில வருஷம் கழித்துப் பார்த்தால் கிடக்காது. யாரும் திருடியிருக்க மாட்டார்கள். மினிமம் பேலன்ஸ் சார்ஜ், அதன் மேல் வரி என்று மாதாமாதம் கரைந்து போயிருக்கும்.

இந்த சார்ஜ் எங்கிருந்து வந்தது, நடுவில் எப்படிப் போனது, மறுபடி எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. இதில் பாதிக் கதை நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்திலேயே நடந்திருக்கிறது. கணக்கைப் பராமரிக்கும் வழிகள் மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் கதை தெரிந்தால் அந்த வழிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே, பூஜ்யத்துக்கு மேலே

முதலில் கடல் கடந்து ஒரு நடை. 1728-ல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்ற வியாபாரிக்கு, அவர் கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அனுமதி கொடுத்தது. ஓவர்டிராஃப்ட் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள். கையில் சரக்கு இருக்கிறது, வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லை, அதற்குள் கொடுக்க வேண்டியவன் வாசலில் நிற்கிறான் என்ற வியாபாரியின் சங்கடத்துக்குச் செய்த உதவி அது. நம்மூர்க் கடைக்காரர்களின் கேஷ் கிரெடிட்டும் ஓ.டி.யும் அந்த வம்சம்தான்.

அதே உதவி அமெரிக்காவில் சம்பளக்காரனின் செக்கிங் அக்கவுண்டுக்கு வந்தபோது வேறு ரூபம் எடுத்தது. கணக்கில் 100 டாலர் இருக்கிறது. 5, 10, 20 என்று மூன்று சில்லறைச் செலவு செய்கிறீர்கள். அன்றைக்கே 110 டாலருக்கு ஒரு பில்லும் வந்து சேர்கிறது. வந்த வரிசையில் கழித்தால் கடைசி ஒன்றுக்குத்தான் பணம் போதாது, ஒரே ஒரு அபராதம். பெரிய தொகையை முதலில் கழித்தால் நாலுக்கும் போதாது, நாலு அபராதம். ஒன்றுக்கு 35 டாலர் என்றால் மொத்தம் 140. சில பெரிய வங்கிகள் இப்படித்தான் வரிசையை மாற்றின. 2010-ல் கலிபோர்னியாவில் ஒரு மத்திய நீதிமன்றம், இதற்காக வாடிக்கையாளர்களுக்கு 203 மில்லியன் டாலர் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வெல்ஸ் ஃபார்கோவுக்கு உத்தரவிட்டது. அதே வருஷம் இன்னொரு விதியும் வந்தது: ஏடிஎம்மிலும் டெபிட் கார்டிலும் நீங்கள் முன்கூட்டியே சம்மதம் கொடுத்திருந்தால் மட்டுமே ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடலாம். பெரிய வங்கிகளின் கட்டணத்தை 5 டாலராகக் குறைக்கும் விதி 2024 டிசம்பரில் வந்தது. அமலுக்கு வருவதற்கு முன்பே 2025 மே மாதம் அது ரத்தாகிவிட்டது. பிரிட்டனில் 2020 ஏப்ரலில் இருந்து ஓவர்டிராஃப்டுக்கு இத்தனை பவுண்டு என்று கட்டணம் போடவே கூடாது, வட்டி மட்டும்தான்.

இந்தியாவில் சாதாரண சேமிப்புக் கணக்கில் இல்லாத பணத்தை வங்கி தராது. செக் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் இங்கே வேறு ஒரு கோடு போட்டார்கள். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போனால் அபராதம். இங்கே நம்முடைய சொந்தப் பணம் கணக்கில் இருக்கும்போதே, அது போதவில்லை என்று அபராதம். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாசலுக்கு வந்த வங்கி

1906. மங்களூரில் அம்மெம்பால் சுப்பாராவ் பை என்ற வக்கீல் 'கனரா இந்து பெர்மனன்ட் ஃபண்ட்' என்று ஒன்றை ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் கனரா வங்கி. அதே வருஷம் அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, அதை நம்பிப் பணம் போட்ட ஏகப்பட்ட குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனியை நம்பியது போதும், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

அடுத்தது உடுப்பி. 1925-ல் டாக்டர் டி.எம்.ஏ. பை, அவர் அண்ணன் உபேந்திர பை, வாமன் குட்வா மூவரும் சேர்ந்து ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். நொடித்துப் போயிருந்த கைத்தறி நெசவாளர்களுக்குக் கை கொடுப்பது நோக்கம். இதுதான் பிற்பாடு சிண்டிகேட் வங்கி. 1928-ல் அவர்கள் கொண்டுவந்த திட்டத்தின் பெயர் பிக்மி டெபாசிட். வங்கியின் ஏஜெண்ட் தினமும் வீட்டு வாசலுக்கே வருவார். இரண்டணா கொடுத்தால் போதும், வாங்கி வரவு வைத்துக்கொண்டு போவார். ஒரு ரூபாயில் எட்டில் ஒரு பங்கு! தினக்கூலி வாங்கும் ஆளிடம் மாதக் கடைசியில் 'சேமிப்பு எங்கே?' என்று கேட்டால் இருக்காது, அன்றன்றைக்குக் கேட்டால் இருக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். கர்நாடகத்தில் கூட்டுறவு சங்கங்கள் இன்றைக்கும் 'பிக்மி' என்ற பெயரிலேயே வசூல் செய்கின்றன.

அந்தக் காலத்து வங்கி ஏழையிடம் 'உன் கணக்கில் இவ்வளவாவது இருக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. 'உன்னிடம் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கொடு' என்று அவன் வாசலுக்குப் போனது. சின்னச் சின்னத் தொகை ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பெரிய முதல் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. 1969 ஜூலை 19-ல் நாட்டுடைமையான 14 பெரிய வங்கிகளில் கனரா, சிண்டிகேட், இந்தியன் வங்கி மூன்றும் இருந்தன.

பெங்களூருக்கும் தனிப் பரம்பரை உண்டு. திவான் விஸ்வேஸ்வரய்யா காலத்தில், 1913-ல் தொடங்கியது பேங்க் ஆஃப் மைசூர். 1960-ல் அது ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆனது. 1930-ல் இங்கேயே பிறந்தது வைசியா வங்கி. மங்களூரில் 1931-ல் தொடங்கிய விஜயா வங்கியும் பிறகு இங்கே தலைமையகம் அமைத்தது.

பத்தாம் தேதி ரகசியம்

பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் மினிமம் பேலன்ஸ் உண்டு. ஆனால் அது சின்னத் தொகை. செக் புத்தகம் வேண்டும் என்றால் கொஞ்சம் அதிகம், வேண்டாம் என்றால் இன்னும் குறைச்சல்.

வங்கி அப்போது லாபம் பார்த்தது வேறு இடத்தில். சேமிப்புக் கணக்குக்கு வட்டி எப்படிப் போட்டார்கள் தெரியுமா? மாதத்தின் 10-ம் தேதியில் இருந்து கடைசித் தேதிக்குள் உங்கள் கணக்கில் எந்த நாள் மிகக் குறைவாக இருந்ததோ, அந்தத் தொகைக்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. 29 நாள் 20,000 ரூபாய் வைத்திருந்து, 30-ம் தேதி 19,500 எடுத்துவிட்டால், அந்த மாதம் முழுக்க நீங்கள் 500 ரூபாய் ஆசாமி! 2010 ஏப்ரல் 1-ல் இருந்துதான் தினசரி இருப்புக்கு வட்டி என்று மாறியது. வட்டி விகிதத்தையும் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்து வந்தது. 2003-ல் இருந்து 2011 வரை எல்லா வங்கியிலும் மூன்றரை சதவீதம்தான். 2011 அக்டோபரில்தான் அந்தந்த வங்கியே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள்.

கட்டணத்தின் கதவு அதற்கு முன்பே திறந்துவிட்டது. 1999 வரை சேவைக் கட்டணங்களுக்கு வங்கிகள் சங்கம் ஒரு பொது அளவு வைத்திருந்தது. அந்த வருஷம் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வங்கியின் போர்டும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். 1990-களில் வந்த புதுத் தலைமுறைத் தனியார் வங்கிகளுக்கு இது நல்ல வசதி. ஏசி போட்ட கிளை, ஏடிஎம், இன்டர்நெட் எல்லாம் தருகிறோம், பதிலுக்குக் கணக்கில் ஐயாயிரமோ பத்தாயிரமோ வை என்றார்கள். வட்டி எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்னும்போது, எந்த வாடிக்கையாளர் வேண்டும், எவர் வேண்டாம் என்று சலிக்கும் சல்லடையாக மினிமம் பேலன்ஸ் ஆனது.

அந்தச் சல்லடைக்கு மேலே நின்றவர்கள் நாம். ஐடி கம்பெனிகள் மொத்தமாக ஆயிரம் பேரைக் கொண்டு வருவதால், சாலரி அக்கவுண்டுக்கு ஜீரோ பேலன்ஸ் சலுகை. ஆனால் அந்தச் சலுகை நம் சம்பளத்துக்குத்தானே தவிர நமக்கு இல்லை. சம்பளம் வருவது நின்றதும், பல வங்கிகளில் மூன்று மாதத்தில், அது சாதாரணக் கணக்காக மாறிவிடும். மினிமம் பேலன்ஸ் ஓட ஆரம்பித்துவிடும்.

ஏப்ரல் 1, 2017

சல்லடைக்குக் கீழே இருந்தவர்களுக்கு என்ன வழி? 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி 'நோ ஃப்ரில்ஸ்' கணக்கு என்று ஒன்றைத் தொடங்கச் சொன்னது. குறைந்தபட்ச இருப்பு பூஜ்யம், அல்லது மிகச் சிறிய தொகை. அந்தச் சமயத்தில் புதுச்சேரியில் மங்கலம் என்ற கிராமத்தில் இந்தியன் வங்கி வீடு வீடாகப் போய்க் கணக்கு திறந்தது. எல்லா வீட்டுக்கும் வங்கிக் கணக்கு கிடைத்த நாட்டின் முதல் கிராமம் என்ற பெயர் அதற்குத்தான். 2012-ல் இந்தக் கணக்கு 'அடிப்படை சேமிப்பு வைப்புக் கணக்கு' ஆனது. அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையவே கிடையாது. 2014-ல் வந்த ஜன்தன் இந்த வகையில் சேர்ந்ததுதான். அதில் தகுதி உள்ளவர்களுக்கு ஓவர்டிராஃப்டும் உண்டு. முதலில் 5,000, 2018-ல் இருந்து 10,000 ரூபாய் வரை.

ஸ்டேட் வங்கியும் 2012-ல் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்திருந்தது. பிறகு வந்தது 2017 ஏப்ரல் 1. அன்றைக்குத்தான் 104 வயதான ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஸ்டேட் வங்கியோடு கரைந்தது. அதே நாளில் அபராதம் திரும்பி வந்தது. பெருநகரத்தில் 5,000 ரூபாய் வைக்க வேண்டும், கிராமத்தில் 1,000. பெங்களூர்வாசிகளுக்கு ஒரே நாளில் சொந்த ஊர் வங்கியும் போனது, புதுக் கட்டணமும் வந்தது.

2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் ஸ்டேட் வங்கி இப்படி வசூலித்தது சுமார் 1,771 கோடி ரூபாய். அந்த ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அதன் நிகர லாபம் 1,581 கோடி. அதைவிட இது அதிகம்! மினிமம் பேலன்ஸ் வைக்காத காரணத்துக்காக 41 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளையும் பத்தே மாதத்தில் மூடினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் பெருநகர அளவை 3,000 ஆக்கினார்கள், 2018 ஏப்ரலில் அபராதத்தைக் கணிசமாகக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் அடியோடு எடுத்தார்கள். மற்ற அரசு வங்கிகள் தொடர்ந்தன. 2019-20 முதல் 2023-24 வரையான ஐந்து ஆண்டுகளில் அரசு வங்கிகள் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள்.

கோடிகள் நம் மனசில் ஒட்டாது. எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர், அந்தச் சமயத்தில் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேஸ் மானியம் வந்து விழுவதற்காகத் திறந்த கணக்கு. எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. மானியம் ஒரு வரியில் வரவு, அடுத்த வரியில் கழிவு, மறுபடி வரவு, மறுபடி கழிவு. "நான் எடுக்கவே இல்லியே தம்பி, போட்ட காசு எங்க போச்சு?" என்றார். நானும் தங்கமணியும் அவரைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், அடிப்படைக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மாற்றிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று திறக்கும்போதே யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஜூன் 1, 2025

2015-ல் வைசியா (அப்போது ஐஎன்ஜி வைசியா) கோட்டக்கோடு போனது. 2019-ல் விஜயா, பேங்க் ஆஃப் பரோடாவோடு போனது. 2020 ஏப்ரல் 1-ல் இரண்டணா வாங்கிய சிண்டிகேட், கனராவோடு சேர்ந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய பெரிய வங்கிகளில் மிச்சம் இருப்பது ஜே.சி. ரோடு கனரா மட்டும்தான்.

அந்தக் கனரா 2025 ஜூன் 1-ல் இருந்து எல்லா சேமிப்புக் கணக்குகளுக்கும் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை ரத்து செய்தது. சம்பளக் கணக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களின் கணக்கு எல்லாம் சேர்த்துத்தான். ஜூலையில் பஞ்சாப் நேஷனல், பரோடா, நம்ம இந்தியன் வங்கி என்று வரிசையாக எடுத்தார்கள். 1906-லும் 1907-லும் பிறந்த இரண்டும் ஆறு வாரத்துக்குள் ஒரே முடிவுக்கு வந்தன.

அதற்கு அடுத்த மாதமே எதிர்த் திசையில் ஒரு கூத்து. ஐசிஐசிஐ வங்கி நகரங்களில் புதிதாகக் கணக்கு திறப்பவர்களுக்கு மாத சராசரி 50,000 ரூபாய் வேண்டும் என்று அறிவித்தது. சத்தம் கிளம்பியதும் சில நாட்களில் 15,000 என்று இறங்கி வந்தது. இது அந்தந்த வங்கியின் முடிவு என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா சொல்லிவிட்டார். ஆக, மினிமம் பேலன்ஸ் என்பது யாரோ கல்லில் செதுக்கிய விதி கிடையாது. வங்கிக்கு நம் மாதிரி ஆள் வேண்டும் என்றால் எடுக்கிறார்கள், வேண்டாம் என்றால் வைக்கிறார்கள்.

சரி, நாம் என்ன செய்வது?

1. சராசரி என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தினமும் நாள் முடிவில் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். 10,000 சராசரி என்றால் தினமும் 10,000 இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 30 நாள் மாதத்தில் 30,000 ரூபாய் பத்து நாள் இருந்துவிட்டு, மீதி இருபது நாள் பூஜ்யமாக இருந்தாலும் சராசரி 10,000 வந்துவிடும். சில வங்கிகள் மூன்று மாதச் சராசரி பார்க்கும். உங்களுடையது எது என்று கேட்டு வையுங்கள்.

2. அபராதத்தையும் வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10,000-க்குப் பதில் சராசரி 6,000 வைத்திருக்கிறீர்கள். பற்றாக்குறையில் 6 சதவீதம் அபராதம் என்றால் 240 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 283. அந்த 6,000-க்கு இரண்டரை சதவீதத்தில் ஒரு மாத வட்டி பன்னிரண்டரை ரூபாய்.

3. உங்களுக்கு உரிமைகள் உண்டு. 2015 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, இருப்பு குறைந்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அபராதம் பற்றாக்குறையின் அளவுக்குத் தகுந்தபடிதான் இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகவே கூடாது. போயிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

4. வேலை மாறினால் பழைய சாலரி அக்கவுண்டை அந்த மாதமே மூடுங்கள், அல்லது அபராதம் இல்லாத வகைக்கு மாற்றுங்கள். இரண்டு வருஷம் நாம் எதுவும் செய்யாமல் கிடந்தால் கணக்கு செயலற்றதாகும். அதில் 2024 ஏப்ரலில் இருந்து மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக்கூடாது. ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே அது காலியாகிவிடும் என்பதுதான் பிரச்சினை.

5. நம்மூரில் ஓவர்டிராஃப்ட் ஃபீஸுக்கு உண்மையான சமம் இ.எம்.ஐ. திரும்புவதுதான். உங்கள் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் அடி. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989-ல் இருந்து அமலில் இருக்கிறது. தானியங்கிப் பற்று திரும்பினாலும் 2007-ம் வருஷச் சட்டத்தின் 25-வது பிரிவு அதே மாதிரி வழக்குக்கு வழி வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் இருந்து ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும்கூடக் கழிப்பார்கள். 'நாளைக்கு லீவுதானே' என்ற பழைய சமாதானம் செல்லாது. தவணைகள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்து, ஒரு மாதத் தவணையை அதில் தொடாமல் வைத்திருங்கள்.

6. வெளிநாடு போகிறவர்கள் உள்ளூர் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மாற்றும்போதே அதற்கு எவ்வளவு இருப்பு வேண்டும் என்று கேளுங்கள். ஊரில் அப்பா அம்மாவின் பென்ஷன் கணக்கு எந்த வகை என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

7. உங்கள் வீட்டில் வேலை செய்பவர், காவலாளி, டிரைவர் யாராவது 'பேங்க்ல காசு குறையுது' என்றால் பத்து நிமிஷம் ஒதுக்கி பாஸ்புக்கைப் பாருங்கள். அடிப்படைக் கணக்காக மாற்றக் கேட்கலாம். அப்படி மாற்றினால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

கணக்கைப் பராமரிக்க வங்கிக்குச் செலவு இருக்கிறது என்பது உண்மைதான். கிளை, கணினி, ஆள், எல்லாம் சும்மா வராது. அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் இந்த நூறு வருஷமாக நடக்கும் பேரம். நிறைய வைத்திருப்பவருக்கு எல்லாம் இலவசம், இல்லாதவருக்கு அபராதம் என்றால், இருப்பவரின் சேவைக்கு இல்லாதவர் காசு கட்டுகிறார் என்று அர்த்தம். கையில் இரண்டணா மட்டும் இருப்பவரையும் மதித்து நடத்தி வங்கி வளர்க்க முடியும் என்று உடுப்பியில் மூன்று பேர் செய்து காட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை கவுன்டரில் 'இதுதான் சார் ரூல்' என்றால், எந்த வருஷத்து ரூல் என்று கேளுங்கள் :-)

டிஸ்கி: கட்டணங்கள் வங்கிக்கு வங்கி மாறும், அடிக்கடியும் மாறும். மேலே சொன்ன 6 சதவீதம் கணக்குப் போட்டுக் காட்ட எடுத்த உதாரணம். உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.